நிரல் எழுதக் கற்க முதல் புத்தகம் எது?

திருப்பூர்க்காரன்:
வணக்கம். பி.காம். முடித்துவிட்டு ஒரு பின்னலாடைக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் வரும் எக்செல் ஷீட்டுகளைச் சேர்த்து, பில் நம்பரை ஒத்துப்பார்த்து, விடுபட்டதைத் தனியாக எடுத்து... மாதக் கடைசி முழுக்க இதிலேயே போகிறது. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தால் சீக்கிரம் முடிக்கலாம் என்கிறார் ஆடிட்டர் ஆபீஸ் நண்பர். கம்ப்யூட்டர் பாடம் எதுவும் படித்ததில்லை. வீடியோ போட்டால் தூக்கம் வருகிறது, புத்தகம்தான் சரிப்படும். அக்கா இன்ஜினியரிங் படித்தபோது வாங்கிய சி மொழிப் புத்தகம் வீட்டில் இருக்கிறது, தலையணை சைஸ். அதிலேயே தொடங்கலாமா? ஆங்கிலம் மெதுவாகப் படிப்பேன்.

நிழல்மரம்:
அக்கா புத்தகத்தில் முதல் புரோகிராமைப் பாருங்கள். மேலே கோனியோ (conio.h) என்று ஒரு வரி, உள்ளே கிளியர்ஸ்கிரீன் (clrscr), கடைசியில் கெட்ச் (getch) இருந்தால் அது டர்போ சி என்ற பழைய மென்பொருள் காலத்துப் புத்தகம். இன்று சி நிரலை ஓட்டப் பயன்படும் ஜிசிசியில் அந்தக் கிளியர்ஸ்கிரீன் கிடையாது, முதல் புரோகிராமிலேயே எரர் வரும். முழு எண்ணை வைக்கும் இன்ட் (int) என்றால் 2 பைட், 32,767-க்கு மேல் தாங்காது என்றும் அதில் இருக்கும். இப்போது நம் கணினிகளில் 4 பைட். இதெல்லாம் தெரிந்தவர் சமாளித்துக்கொள்வார், புதிதாக வருபவர் தனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை என்று மூடி வைத்துவிடுவார்.

உங்கள் வேலைக்கு அல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டோமேட் த போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' படியுங்கள். முதல் பதிப்பு 2015, புதிய பதிப்பையே எடுங்கள். ஆசிரியரே இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார். எக்செலுக்குத் தனி அத்தியாயம் உண்டு, ஆனால் நேராக அங்கே தாவாதீர்கள். தகவலை அடுக்கி வைக்கும் லிஸ்ட், டிக்ஷனரி புரியாமல் அங்கே போனால் காப்பியடிக்கத்தான் முடியும்.

பழைய_பஞ்சாங்கம்:
எல்லோரும் பைத்தான் பைத்தான் என்று ஓடுகிறீர்கள், மெமரி என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. கெர்னிகன், ரிட்சி எழுதிய சி புத்தகத்தைப் படிக்கட்டும். 1978-இல் வந்தது, 1988-இல் இரண்டாம் பதிப்பு, 300 பக்கம்கூட இல்லை, வளவளா கிடையாது.

நிழல்மரம்:
அருமையான புத்தகம்தான் சார், மறுக்கவில்லை. ஆனால் வேரியபிள், லூப், ஃபங்ஷன் எல்லாம் ஓரளவு தெரிந்தவருக்கு எழுதியது என்று அவர்களே முன்னுரையில் சொல்கிறார்கள். இவருக்கு மாதக் கடைசிக்குள் ஷீட் சேர வேண்டும், மெமரி முகவரியைக் கையாளும் பாயின்டர் அப்புறம் வரட்டும்.

சாக்பீஸ்:
நான் பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கிறவள். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகம் தமிழ் வழியிலும் இருக்கிறது, பிடிஎஃப் இலவசம். முதல் நான்கு பாடம் கோட்பாடு, புதியவருக்குக் கொஞ்சம் வறட்சி; ஐந்தாவது பாடத்தில் பைத்தான் தொடங்கும், அங்கிருந்து பிடியுங்கள். சிஎஸ்வி (அட்டவணையைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய எளிய கோப்பு) கோப்புக்கென்றே ஒரு பாடம் உண்டு, உங்களுக்கு அது தேவைப்படும். குறை என்னவென்றால் பரீட்சைக்கு எழுதப்பட்ட புத்தகம், வரையறை அதிகம், செய்து பார்க்கும் கணக்கு குறைவு. அதனால் இதைத் தமிழில் படித்துவிட்டு, நிழல்மரம் சொன்னதில் பயிற்சிகளைப் போடுங்கள்.

திருப்பூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மேடம், பழைய புத்தகக் கடையில் ஒரு பைத்தான் புத்தகம் பார்த்தேன், 2008 பதிப்பு, விலை ரொம்பக் கம்மி. வாங்கலாமா?

சாக்பீஸ்:
வேண்டாம். பைத்தான் 3 வந்ததே 2008 டிசம்பரில்தான், அது அநேகமாகப் பழைய பைத்தான் 2 ஆகத்தான் இருக்கும். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டது. பிரிண்ட் வரியில் அடைப்புக்குறி இல்லாவிட்டால் எரர் வரும், அதையாவது கண்டுபிடித்துவிடலாம். வம்பு எதில் என்றால், இன்புட் வைத்து இரண்டு எண் வாங்கிக் கூட்டும் புரோகிராம் அதில் இருக்கும், அதில் 5, 7 கொடுத்தால் 12 வரும் என்று போட்டிருப்பார்கள். அதையே அடைப்புக்குறி மட்டும் போட்டு இன்று ஓட்டினால் 57 வரும், எரரே காட்டாது. பைத்தான் 3-இல் இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் தரும், அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். இன்ட் போட்டு எண்ணாக மாற்ற வேண்டும். எந்தப் புத்தகம் வாங்கினாலும் இந்த இடத்தைப் புரட்டிப் பாருங்கள், ஏன் மாற்ற வேண்டும் என்று விளக்கியிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

நிழல்மரம்:
சரி, ஒன்று விட்டுப்போச்சு. பில் நம்பர் 00412 மாதிரி பூஜ்ஜியத்தில் தொடங்கினால் அதை எண்ணாக மாற்றாதீர்கள், எழுத்தாகவே ஒத்துப்பாருங்கள், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் போய்விடும். அப்புறம், ஆபீஸ் ஃபைலில் நேராக ஓட்டாமல் ஒரு காப்பி எடுத்து அதில் ஓட்டுங்கள்.