பழைய 8208, 4198 துப்பாக்கி மருந்து டப்பாக்கள்: உள்ளே இருப்பது அதுதானா?

ஓரோட்டை:
வணக்கம். அமெரிக்காவில் பென்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைமேல் தாங்கவைத்துத் துல்லியமாகச் சுடும் போட்டி) சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் ரீலோடிங் சாமான்களோடு (சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பும் கருவிகள்) மூன்று துப்பாக்கி மருந்து டப்பாக்கள் வந்திருக்கின்றன.

ஒன்று டியூபாண்ட் நிறுவனத்தின் ஐஎம்ஆர் 4198, ஒரு பவுண்டு தகர டப்பா, திறந்தது, முக்கால்வாசி இருக்கிறது. இன்னொன்று ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எச் 4831, மூடியின் முத்திரை உடையவில்லை. மூன்றாவதுதான் சிக்கல்: வெள்ளை பிளாஸ்டிக் ஜாடி, மேலே மார்க்கரில் "8208" என்ற எண் மட்டும், சுமார் 3 பவுண்டு. குட்டைக் குச்சி மணிகள், நறுக்கின சேமியா மாதிரி, சாம்பல் நிறம். அடியில் கொஞ்சம் செம்பழுப்புத் தூள்.

நான் சுடும் 6 பிபிசி தோட்டாவுக்கு பழைய 8208 தங்கம் என்கிறார்கள். மணியின் நீளம், விட்டம், எடை அளந்து இது அதுதான் என்று உறுதிசெய்ய முடியுமா?

மருந்துமணி:
முடியாது. மணியை அளந்தால் "இது அது இல்லை" என்று சொல்லலாம். "இது அதுதான்" என்று சொல்லவே முடியாது.

ஒரு மருந்து எவ்வளவு வேகமாக எரியும் என்பதை மணியின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. மணியின் மேற்பரப்பில் எரிதலைத் தாமதப்படுத்தும் ஒரு பூச்சு ஏற்றுவார்கள். அது எவ்வளவு, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் மேலே கிராஃபைட், அதனால்தான் எல்லாமே ஒரே சாம்பல். ஒரே நீளம், ஒரே விட்டம், நடுவில் ஒரே துளை, ஆனால் எரியும் வேகம் வேறு என்று இரண்டு மருந்துகள் தாராளமாக இருக்கலாம்.

8208 விஷயத்தில் இன்னொரு சிக்கல். அது எம்16 துப்பாக்கியின் 5.56 மி.மீ. ராணுவத் தோட்டாவுக்காக டியூபாண்ட் செய்தது. பென்ச்ரெஸ்ட்காரர்கள் கைக்கு வந்தது உபரிச் சரக்கு. கடையில் விற்கும் மருந்தைத் தொகுதிக்குத் தொகுதி ஒரே வேகம் வரும்படி கலந்து சரிக்கட்டுவார்கள். ராணுவத் தொகுதிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அழுத்தமும் வேகமும் வரையறைக்குள் வரும்படி ஆலையே அளவைக் கூட்டிக் குறைத்துத் தோட்டாவில் போட்டுக்கொள்ளும். ஆக ஜாடியில் இருப்பது உண்மையான 8208ஆகவே இருந்தாலும், எந்தத் தொகுதி என்று தெரியாமல், தோட்டாவில் எவ்வளவு போட்டுத் தொடங்குவது என்ற ஆரம்ப அளவு உங்களுக்குக் கிடையாது.

2010இல் ஹாட்ஜ்டன் கொண்டுவந்த ஐஎம்ஆர் 8208 எக்ஸ்பிஆர் மருந்தின் அளவு அட்டவணையை இதற்கு எடுத்துவிடாதீர்கள். அது ஆஸ்திரேலியாவில் தயாராகும் புது மருந்து. பெயர் மட்டும் பழசு.

ஓரோட்டை:
புரிகிறது. ஒரு சிட்டிகையைத் திறந்தவெளியில் கொளுத்தி, வேகம் தெரிந்த வேறொரு மருந்தான N133ஐப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்?

மருந்துமணி:
ஒன்றும் தெரியாது. தட்டில் எரிவது காற்றழுத்தத்தில் எரிகிறது, கேஸுக்குள் (தோட்டாவின் உலோகக் கூடு) ஆயிரக்கணக்கான மடங்கு அழுத்தத்தில். அழுத்தம் ஏற ஏற வேகமும் ஏறும் பொருள் இது. தட்டில் சோம்பலாக எரிவது துப்பாக்கியின் அறையில் பாயும்.

தராசு:
மற்ற இரண்டு டப்பாக்களைப் பார்ப்போம். லேபிளை வைத்துக் காலம் கணிப்பது சுலபம். முகவரியில் 5 இலக்க ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963க்குப் பிந்தியது. பட்டைக்கோடு இருந்தால் 1974க்குப் பிந்தியது. ஐஎம்ஆர் மருந்துகளை டியூபாண்ட் 1986இல் கைமாற்றியது. அதன்பின் லேபிளில் நியூயார்க் மாநில பிளாட்ஸ்பர்க் முகவரி வரும், 2003இல் ஹாட்ஜ்டன் வாங்கும் வரை. உங்களுடையதில் டியூபாண்ட் பெயர் இருந்தால் குறைந்தது நாற்பது வயது டப்பா.

டப்பாவின் வயதுதான் அது, மருந்தின் வயது அல்ல. திறந்த டப்பாவில் யார் எதை ஊற்றி வைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? அளவைக் கருவியில் மிஞ்சியதைக் கை போன போக்கில் பக்கத்து டப்பாவில் கொட்டுவது பழைய கெட்ட பழக்கம். முக்கால் டப்பா 4198ஐ நான் சுட மாட்டேன்.

எச் 4831 முத்திரையோடு இருப்பதால் அடையாளம் உறுதி. ஆனால் அதன் எண் ஒரு பொறி. ஹாட்ஜ்டனுடையது இரண்டாம் உலகப்போர் உபரியில் தொடங்கியது. 1970களில் டியூபாண்ட் ஐஎம்ஆர் 4831 என்று ஒன்றை இறக்கியது. எண் ஒன்று, மருந்து வேறு. ஐஎம்ஆர் சற்று வேகமானது. எச் அளவை ஐஎம்ஆரில் போட்டால் அழுத்தம் எகிறும். 4895க்கும் 4198க்கும் இதே எச்சரிக்கை. எப்படியும் 4831 உங்கள் 6 பிபிசிக்கு ஆகாது, ரொம்ப மெதுவானது. பெரிய கேஸ்களுக்கான மருந்து.

இப்போது அந்தச் செம்பழுப்புத் தூள். தகர டப்பாவாக இருந்தால் துரு என்று சந்தேகத்தின் பலனைத் தரலாம். பிளாஸ்டிக்கில் துரு எங்கிருந்து வரும்? முகர்ந்து பார்க்க மூக்கை உள்ளே விடாதீர்கள். மூடியைத் திறந்து கையால் விசிறுங்கள். நல்ல மருந்துக்கு ஈதர் மாதிரி இலேசான கரைப்பான் வாசனை. கெட்டதற்குக் காட்டமான அமில நெடி.

ஓரோட்டை:
திறந்தேன். மூக்கில் ஏறுகிறது. மூடியின் உட்பக்கம் மஞ்சளாகி நொறுங்குகிறது.

தராசு:
அப்படியானால் பேச்சே இல்லை, அது செத்த மருந்து. நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும். அவற்றைப் பிடித்துவைக்க டைஃபீனைலமைன் சேர்த்திருப்பார்கள். அது தீர்ந்ததும் அமிலமே சிதைவை இன்னும் விரட்டும், சூடு பிறக்கும், தானாகவே பற்றிக்கொள்ளவும் கூடும். வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைக்காதீர்கள், மற்ற மருந்துகளுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. இன்றே வெளியே நிழலில், எரியும் பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள்.

உள்ளூர் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டுக் கேளுங்கள், சில ஊர்களில் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். எரிக்க அனுமதி உண்டென்றால், ஒதுக்குப்புற வெற்றுத் தரையில் ஒரு அங்குலத்துக்கு மேல் உயராமல் சிறுசிறு குவியலாகப் பரப்பி, மெதுவாக எரியும் காகிதத் திரியால் தூரத்திலிருந்து பற்றவைப்பதுதான் முறை. அடைத்த பாத்திரத்தில் ஒருபோதும் இல்லை. குப்பைத்தொட்டி, கழிவுநீர்க் குழாய், தபால் மூன்றும் வேண்டாம்.

மருந்துமணி:
4198ஐயும் அதோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள். காலி டியூபாண்ட் தகர டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குச் சேகரிப்பாளர்கள் காசு தருவார்கள். ஆனால் அதில் வேறு மருந்தை ஊற்றி வைக்காதீர்கள்.