மண்ணைத் தொடாமலே ‘ஹை ஹசார்ட்’ (அதிக ஆபத்து) ஆன அணைகள்: உங்கள் அனுபவம் என்ன?

வாய்க்கால்வாசி
அமெரிக்காவின் கொலராடோவில் அணைகளை ஆய்வு செய்யும் வேலையில் இருக்கிறேன். போன வருடம் பார்த்தது ஒரு சின்ன மண் அணை, சில விவசாயக் குடும்பங்கள் பங்கு போட்டு வைத்திருப்பது. அதன் ஹசார்ட், அதாவது ஆபத்து வகை, லோவிலிருந்து (குறைவு) ஹை ஆகிவிட்டது. “தாத்தா கட்டினதிலிருந்து ஒரு கூடை மண்ணைக்கூட மாற்றவில்லை, லோ எப்படி ஹை ஆகும்?” என்று பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அந்த வகைப்பாடு அணையின் ஆரோக்கியத்துக்குப் போடும் மார்க் இல்லை. உடைந்தால் கீழே உயிர் போகும் என்றால் ஹை, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பெரிய சொத்துச் சேதம் என்றால் சிக்னிஃபிகன்ட், சேதம் உரிமையாளரின் நிலத்தோடு நின்றுவிடும் என்றால் லோ, அவ்வளவுதான். கீழே வைக்கோல் புல் வளர்ந்த இடத்தில் இப்போது வீடுகள் வரிசையாக நிற்கின்றன. லோ என்றால் ஆய்வுக்கு 6 வருடத்துக்கு ஒருமுறை போவோம், ஹை என்றால் வருடா வருடம். “வீடு கட்டினவன் அவன், செலவு எனக்கா?” என்றார். நியாயமான கோபம்தான், என்னிடம் பதில் இல்லை.

ஆனால் மதகைத் திறந்து காட்டச் சொன்னபோது திருகு அசையவே இல்லை, துருப் பிடித்து இறுகிப் போயிருந்தது, கரையின் பின்சரிவில் மரங்கள் வேறு தொடை பருமனுக்கு வளர்ந்திருந்தன. மரம் பட்டுப்போனால் வேர் அழுகிய தடம் வழியாகவே நீர் கசியும். 1982 ஜூலையில் இதே கொலராடோவில் எஸ்டெஸ் பார்க் ஊருக்கு மேலே லான் லேக் அணை உடைந்து 3 பேர் இறந்தார்களே, அதுவும் பாசனத்துக்காக 1903-ல் கட்டின தனியார் மண் அணைதான். வெளியேற்றக் குழாயும் வால்வும் சேரும் இடத்தில் வைத்திருந்த ஈய அடைப்பு கெட்டுப்போய், கரைக்குள்ளேயே மண்ணை அரித்துவிட்டது. மேலே நின்று பார்த்தால் தெரியாது.

மேட்டுவீடு
நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது அணைக்குக் கீழே வீடு வாங்கினவன். விற்றவர் வாயே திறக்கவில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை நடத்தும் தேசிய அணைப் பட்டியலை இணையத்தில் சும்மா மேய்ந்தபோதுதான் கண்ணில் பட்டது, ஓடைக்கு மேலே ஒரு அணை, ஹை. அணை உடைந்தால் என்ன செய்வது என்ற அவசரகாலத் திட்டத்தைக் கேட்டு வாங்கினேன். அதில் உரிமையாளர் சங்கத்துக்கென்று இருந்த தொலைபேசி எண் எப்போதோ துண்டிக்கப்பட்டது! இரவில் கரை உடைந்தால் யார் யாருக்குச் சொல்வது? விடாமல் மின்னஞ்சல் அனுப்பி அந்த ஒரு வரியை மாற்ற வைத்தேன். லோ என்று இருந்திருந்தால் அந்தத் திட்டத்தைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன், நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நீர்க்கணக்கு
லோ என்றால் தூங்கலாமா? ஹவாயில், கவாய் தீவின் கா லோகோ அணையைப் பாருங்கள். கரும்புத் தோட்டப் பாசனத்துக்காக 1890-களில் எழுந்த மண் அணை, பின்னால் தனியார் கையில். ஆவணத்தில் லோ. 2006 மார்ச் 14 விடிவதற்குள் உடைந்து 7 பேரை அடித்துக்கொண்டு போனது, கீழே ஆட்கள் குடியிருந்தது தெரிந்த விஷயம்தான். உபரிநீர் போகும் கலிங்கை மூடிவிட்டார்கள் என்று வழக்கே நடந்தது. அந்த லோ தவறு என்று பிறகு விசாரணையில் சொன்னார்கள்.

வாய்க்கால்வாசி
அதனால்தான் இப்போது லோ அணைக்குப் போனாலும் முதலில் செயற்கைக்கோள் படத்தில் ஓடையை ஒட்டிப் புதுக் கூரை முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். பெரியவர் மரங்களை வெட்டிவிட்டார், மதகுத் திருகுக்கு ஆள் தேடுகிறார், என்னோடு இன்னும் பேசுவதில்லை.