'பெப்பர்கார்ன்' என்ற சொல்லில் 'கார்ன்' எப்படி வந்தது?

கேள்வி:
மிளகு மணியை ஆங்கிலத்தில் 'பெப்பர்கார்ன்' என்கிறார்கள். 'கார்ன்' என்றாலே மக்காச்சோளம் நினைவுக்கு வருகிறது. கொடியில் சரம் சரமாகக் காய்க்கும் மிளகோடு அந்தச் சொல் சேர்ந்தது எப்படி? 'பெப்பர்' என்பது 'திப்பிலி'யிலிருந்து போனது என்றும் படித்தேன். அது சரியா?

முதல் மறுமொழி:
மக்காச்சோளத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கொலம்பஸ் அமெரிக்காவுக்குப் போவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பழைய ஆங்கிலத்தில் 'பிபோர்கார்ன்' என்ற கூட்டுச்சொல் வழங்கியது. அக்காலத்தில் 'கார்ன்' என்றால் மணி, பரல் என்றுதான் பொருள். பின்னர் எந்த வட்டாரத்தில் எந்தத் தானியம் மிகுதியோ அதற்கே அது பெயராயிற்று: இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ். அமெரிக்காவில் குடியேறியவர்கள் மக்காச்சோளத்தை 'இந்தியன் கார்ன்' என்று அழைக்கப்போய், நாளடைவில் முன்சொல் உதிர்ந்து 'கார்ன்' மட்டும் நின்றது. பழம்பொருளின் தடயம் 'கார்ன்ட் பீஃப்' என்பதில் இன்னும் இருக்கிறது. அதில் சோளம் ஒரு மணிகூடக் கிடையாது, இறைச்சியைப் பதப்படுத்தத் தூவிய கல்லுப்புப் பரல்களையே அது குறித்தது. பருப்பைக் குறிக்கும் 'கெர்னல்' என்பதும் இதே 'கார்ன்' தந்த குறுமைச் சொல்தான்.

இரண்டாம் மறுமொழி:
சொல்லின் முற்பகுதியான 'பெப்பர்' பற்றிச் சொல்கிறேன். ஆங்கிலத்துக்கு அது லத்தீன் 'பிப்பெர்' வழியாகவும், லத்தீனுக்குக் கிரேக்கப் 'பெபெரி' வழியாகவும் வந்தது. அதற்கும் மூலம் வடமொழிப் 'பிப்பலி'. தமிழ்த் 'திப்பிலி'யும் அந்தப் 'பிப்பலி'யோடு உறவுடையது என்பதால் இரண்டையும் ஒரே குடும்பம் எனலாமே தவிர, தமிழிலிருந்து நேரே போனது எனச் சொல்வது பொருந்தாது. வேடிக்கை என்னவென்றால், பிப்பலி என்பது நீண்ட திப்பிலியின் பெயர். மேற்கே போனபின் அது உருண்டை மிளகுக்கும் உரியதாகிவிட்டது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் ஓக் மரக் கொட்டையான 'ஏகார்ன்' என்பதிலும் இதே 'கார்ன்'தானே?

முதல் மறுமொழியாளர்:
இல்லை, அது வெறும் தோற்றம். பழைய வடிவம் 'ஆகெர்ன்'. காட்டு மரங்களின் காயைக் குறித்த தனிச்சொல், கூட்டுச்சொல்லே அன்று. அதன் ஈறு 'கார்ன்' போல ஒலித்ததால் மக்கள் அப்படியே பிரித்துப் பொருள் கொண்டார்கள். எழுத்துக்கூட்டலும் அதற்கேற்ப மாறியது.