சாயப்பட்டறையில் பசுமையும் வேலை நிறைவும்: என் அனுபவம்

சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்துகொண்டிருந்த காலத்திலிருந்தே திருப்பூர்ப் பட்டறைகளில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அந்த ஆற்றின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் விவசாயம் பார்க்கும் பங்காளிகளின் வீட்டு விசேஷங்களில், எங்கே வேலை என்று யாரேனும் கேட்டால் அன்று தலை குனியத்தான் வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது; கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை மீண்டும் இயங்கின. இன்று கழிவுநீரைச் சவ்வு வழியாக வடிகட்டும் ஆர்.ஓ.வில் பிரிந்த நல்ல நீர் மறுபடியும் சாய மெஷினுக்கே வருகிறது. மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி, உப்பையும் மீட்கிறோம். இதை அதே பங்காளிகளிடம் நிமிர்ந்து நின்று விளக்க முடிந்தபோது வேலையில் வந்த பிடிப்பை எந்தச் சம்பள உயர்வும் எனக்குத் தந்ததில்லை.

ஆனால், அது மட்டும் போதாது. முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தின் வரவேற்பறையில் பசுமைச் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கும். உள்ளே, சூடான காற்றில் துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் மெஷின் பக்கம் சித்திரை மாதத்தில் நிற்கவே முடியாது. கையுறையும் முகக்கவசமும் ஆடிட் நாளில் மட்டுமே வெளியே வரும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துக் களைத்த பையன்கள், போனஸ் வாங்கியதும் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள்.

இப்போதுள்ள இடத்தில், விறகுச் செலவைக் குறைப்பதற்காக முதலாளி நீராவிக் குழாய்கள் முழுவதற்கும் காப்பு உறை சுற்றினார். குழாயின் அனல் கூடத்தில் இறங்காமல் போனதால், மதியத்துக்குப் பின் ஆட்கள் சோர்ந்து உட்காருவது கண்கூடாகக் குறைந்தது. சாயப்பொடி எடை போடும் அறையில் நடந்தது இதைவிடப் பெரிது. ரியாக்டிவ் சாயப்பொடி தொடர்ந்து மூச்சில் கலந்தால் சிலருக்கு ஆஸ்துமாவே வரக்கூடும். அங்கு வேலை செய்யும் அக்கா, வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் நீலமாக வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பொடியை மூடிய நிலையிலேயே அளந்து கரைக்கும் கருவியை வைத்த பிறகு சாயம் வீணாவதும் குறைந்தது, அவருடைய இருமலும் நின்றது. வேலையை விட்டுவிடுவதாக இருந்தவர், இப்போது புதிதாக வருபவர்களுக்கு அக்கருவியை இயக்கக் கற்றுக்கொடுக்கிறார்.

சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு மூட்டை கட்டும் வடமாநிலத் தம்பிகளின் நிலை மட்டும் இன்னும் மாறவில்லை. நதியைக் காக்கும் வேலையில் மிகக் கடினமான பங்கு அவர்களுடையது. அங்கே காற்றோட்டமும், குளித்து உடை மாற்ற ஓர் அறையும் வேண்டுமென்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.