4கே திரையில் சுருங்கிவிட்ட செருகுநிரல்கள்: ஒன்றை மட்டும் பெரிதாக்க வழி உண்டா?

கேள்வி (ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

அனைவருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடிக்காக எங்கள் கோயில் பஜனைக் குழுவினர் பாடும் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்து ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் கலவை செய்து வருகிறேன். பல ஆண்டுகள் 24 அங்குல, 1920 × 1080 பிக்சல் திரையில் வேலை பார்த்தேன். சென்ற மாதம் 27 அங்குல 4கே (3840 × 2160 பிக்சல்) திரை வாங்கி, விண்டோஸின் ஸ்கேலிங்கை (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பை) 150 விழுக்காட்டில் வைத்தேன். ரீப்பரின் எழுத்துகள் அச்சிட்டதைப் போல் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் குரலுக்கு நான் நம்பியிருக்கும் பழைய கம்ப்ரசரின் (ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் செருகுநிரல், அதாவது ரீப்பருக்குள் சேர்த்து இயக்கும் துணை நிரல்) சாளரம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதன் எண்களைப் படிப்பதற்காகத் திரையருகே குனிந்தால், இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்து கேட்கும் இடம் மாறிவிடுகிறது.

ரீப்பரின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதிக்குச் சென்று, டிபிஐ அமைப்பை (திரையின் பிக்சல் அடர்த்திக்கேற்ப அளவை யார் மாற்றுவது என்பதை) 'சிஸ்டம்' என்று மாற்றிப் பார்த்தேன். கம்ப்ரசர் பெரிதாயிற்று, ஆனால் ரீப்பர் முழுவதும் மங்கிப்போய், பாடகரின் மூச்சொலியை வெட்ட வேண்டிய இடம் அலைவடிவத்தில் தெரியாமல் போயிற்று. அந்த ஒரு செருகுநிரலை மட்டும் பெரிதாக்க இயலுமா?

பதில் 1 (கத்ர் போர்ன்)

வணக்கம் ஐயா. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது தெரியாமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போனால் நேரம்தான் வீணாகும். பழைய செருகுநிரல்களின் முகப்பு, குறிப்பிட்ட பிக்சல் கணக்கில் வரைந்து வைக்கப்பட்ட படம். 600 பிக்சல் அகலமுள்ள ஒரு சாளரம், உங்கள் பழைய திரையில் ஏறத்தாழ 16.6 செ.மீ. அகலத்தில் தெரிந்திருக்கும், புதிய திரையில் அதே 600 பிக்சல் 9.3 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. மாக் கணினியில் இத்தகைய பழைய முகப்பு சிறுத்துவிடாது, மங்கலாக மட்டுமே தெரியும். விண்டோஸில் மட்டும் ஏன் சிறுக்கிறது என்றால், செருகுநிரல் தனி நிரல் அன்று. ரீப்பருக்குள் ஏற்றப்படும் ஒரு டிஎல்எல் கோப்பு. "அளவை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று ரீப்பர் விண்டோஸிடம் அறிவித்துவிட்டால், உயர்தெளிவுத் திரையைப் பற்றி எதுவுமே அறியாத கம்ப்ரசருக்கும் அந்த அறிவிப்பு பொருந்திவிடுகிறது. நீங்கள் 'சிஸ்டம்' என்று மாற்றியபோது நேர்ந்தது இதற்கு நேர்மாறானது: ரீப்பரின் சாளரம் முழுவதையும் விண்டோஸ் ஒரே படமாக இழுத்துப் பெரிதாக்கியது.

வேறு செருகுநிரல்களும் சிறிதாகத் தெரிந்தால், முதலில் அவற்றின் சொந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்தசைசர் செருகுநிரலில் 'ஸூம்' என்ற தெரிவு இருக்கிறது. வைட்டல் என்ற சின்தசைசரின் மூலையைப் பிடித்து இழுத்தாலே போதும்.

பதில் 2 (கியூர்பிப்)

மேலே சொன்ன காரணத்திலேயே தீர்வும் இருக்கிறது. கம்ப்ரசரை ரீப்பரிலிருந்து பிரித்துத் தனிச் செயலியாக ஓட்டினால், டிபிஐ அமைப்பை அதற்கு மட்டும் மாற்றலாம். செருகுநிரல் பட்டியலில் அதன் பெயர்மீது வலது சொடுக்கிட்டு, 'ரன் ஆஸ்' என்பதன் கீழ் 'செப்பரேட் பிராசஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு, ரீப்பர் நிறுவப்பட்டுள்ள கோப்புறைக்குள், இவ்வாறு பிரித்த செருகுநிரல்களை ஓட்டும் துணைச் செயலியைத் தேடி, நீங்கள் ரீப்பருக்குச் செய்த அதே 'சிஸ்டம்' மாற்றத்தை அதற்குச் செய்யுங்கள். ரீப்பருக்குச் செய்ததை மறவாமல் நீக்கிவிடுங்கள். பழைய படத்தை ஒன்றரை மடங்கு இழுப்பதால் கம்ப்ரசர் சற்று மங்கலாகத்தான் தெரியும். ஆனால் எண்களைப் படிக்கலாம். தனியே ஓடும் செருகுநிரல் கணினிக்குக் கூடுதல் சுமை என்பதால், எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்க வேண்டாம். ஏபிள்டன் லைவ் என்ற வேறொரு ஒலிப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இவ்வளவு சுற்று வேண்டியதில்லை. செருகுநிரலின் தலைப்பில் வலது சொடுக்கிட்டால் 'ஆட்டோ-ஸ்கேல்' என்ற தெரிவே கிடைக்கும்.

கேட்டவர் (ரோஸ் ஹில்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரீப்பர் மீண்டும் தெளிவாகிவிட்டது. கம்ப்ரசரும் படிக்கும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. ஆனால் குமிழின்மீது வைத்துச் சொடுக்கினால் அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் பொத்தான் அழுந்துகிறது. இதே செருகுநிரலின் புதிய விஎஸ்டி 3 (செருகுநிரல்களுக்கான புதிய வடிவம்) பதிப்பை வாங்கிவிடுவது நல்லதா?

பதில் 3 (மயேபூர்)

சொடுக்கு இடம் தவறுவதற்குக் காரணம், ஒரு கணக்கில் அளவிடப்படும் ரீப்பரின் சாளரத்துக்குள் வேறொரு கணக்கில் அளவிடப்படும் சாளரம் பதிந்திருப்பதுதான். அதே 'ரன் ஆஸ்' பட்டியலில் 'எம்பெட் பிரிட்ஜ்டு யூஐ' (தனியே ஓடும் செருகுநிரலின் முகப்பை ரீப்பருக்குள் பதிக்கும் தெரிவு) என்பதை நீக்கிவிட்டால், கம்ப்ரசர் தனிச் சாளரமாகத் திறக்கும்; சொடுக்கும் சரியான இடத்தில் விழும்.

விஎஸ்டி 3 பதிப்பைப் பொறுத்தவரை, திரையின் ஸ்கேலிங் எவ்வளவு என்பதைச் செருகுநிரலுக்குத் தெரிவிக்கும் வசதி அந்த வடிவத்தில் இருக்கிறது. அதை உருவாக்கியவர் அவ்வசதியைப் பயன்படுத்தியிருந்தால்தான் பயன் உண்டு. ஆகவே சோதனைப் பதிப்பைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் பெரும்பாலும் இரு வேறு செருகுநிரல்களாகவே கருதப்படுவதால், பழையதை நீக்கிவிட்டால் உங்கள் முந்தைய காவடிப் பாடல்களைத் திறக்கும்போது கம்ப்ரசரின் அமைப்புகள் காணாமல் போகலாம். ஆகவே பழையதை அப்படியே விட்டுவையுங்கள். புதியதைப் புதிய பாடல்களில் மட்டும் பயன்படுத்துங்கள்.

கேட்டவர் (ரோஸ் ஹில்)

பதித்தலை நீக்கியதும் சொடுக்கு சரியாகிவிட்டது. பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு இவ்வாண்டுப் பதிவை முடிக்கிறேன்.