அட்டாலி இசைத்தட்டுகள்

குழு: அப்புச்சி வீடு
(நிர்வாகி: அம்மா. கொச்சைத் தமிழில் எழுதுபவர்கள் முன்னறிவிப்பின்றி நீக்கப்படுவார்கள்.)

பெரிய மாமா: அனைவருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை பழைய வீட்டின் ஓடுகளைப் பிரிக்க ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் அட்டாலியை (பரணை) காலி செய்தாக வேண்டும். அப்பாவின் இசைத்தட்டுகள் மூன்று தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. பொள்ளாச்சியில் பழைய பொருள் வாங்குகிற ஒருவர் வந்து பார்த்து, மொத்தமாக ஒரு தொகை பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் நாளைக்குள் சொல்லவும்.

சின்ன மாமா: எனக்கு எதுவும் வேண்டாம் அண்ணா. கொடுத்துவிடலாம்.

சித்தி: முன்பணம் வாங்கிய பிறகுதான் எங்களிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதா அண்ணா?

பெரிய மாமா: பதினாறாம் நாள் காரியத்தன்றே சொன்னேன். அன்று எல்லோரும் பந்தியில் ரசம் வரவில்லை என்பதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

அம்மா: ரசம் உண்மையாகவே வரவில்லை, தம்பி.

சித்தப்பா: மச்சானுக்கு வணக்கங்க. அந்த ஆளிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. மாமா, அதாவது உங்கள் அப்பா, கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாங்கிக் குவித்தவர் அல்லர். 1955இல் அமெரிக்காவின் குரல் வானொலியில் வில்லிஸ் கானோவர் என்பவர் ஜாஸ் என்கிற அமெரிக்க இசைக்கு நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த அயல்நாட்டு நேயர்களுக்கும் விளங்க வேண்டும் என்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் பேசித்தான் அவர் அதை நடத்தினார். மாமா ஆலையிலிருந்து வந்து, தோட்டத்துச் சாளைத் திண்ணையில் சிற்றலை வானொலியை வைத்துக்கொண்டு, கலைஞர் பெயர், பாட்டின் பெயர், யாருக்கு எந்த வாத்தியம் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் தமிழ் எழுத்திலேயே குறித்துவைத்தார். பிற்பாடு உதிரிபாகம் வாங்க பம்பாய் போனபோதெல்லாம் அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டுகளைத் தேடி வாங்கினார். நோட்டும் தட்டுகளும் ஒன்றாக இருக்கிறவரைதான் அதற்குச் சேகரிப்பு என்று பெயர். பிரித்துவிட்டால் அவை யாரோ வாங்கிப் போட்ட பழைய பிளேட்டுகள்.

சின்ன மாமா: மச்சான் தொடங்கிவிட்டார்.

அத்தை: பெட்டியைக் கீழே இறக்கியாயிற்று. தட்டுகளில் ஒரே ஒட்டடை. ஊசி போட வைத்திருக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கப் போகிறேன். கொடுப்பதாக இருந்தாலும் சுத்தமாகக் கொடுப்போம்.

சித்தப்பா: வேண்டாம் அக்கா, தொடாதீங்க!

சித்தப்பா: கனமான, கீழே விழுந்தால் உடைகிற கறுப்புத் தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டுகள். அவை அரக்கில் செய்தவை. தச்சர் கதவுக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தான். நீங்கள் ஒரு முறை அழுத்தித் துடைத்தால் பஞ்சோடு பாட்டும் வந்துவிடும். இன்னொரு செய்தி: அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போனது. இரண்டாம் உலகப் போரின்போது அது கிடைக்காமல், புதுத் தட்டு செய்வதற்காக அமெரிக்காவில் மக்களிடமிருந்து பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கினார்கள். மெல்லியதாக, வளைந்து கொடுக்கிற பெரிய தட்டுகள் 1948க்குப் பிறகு வந்த எல்.பி. (லாங் பிளே) வகை, வினைல் என்கிற பிளாஸ்டிக்கில் செய்தவை. அவற்றை மட்டும் பேட்டரித் தண்ணீரில் (காய்ச்சி வடித்த தண்ணீர்) ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டு, பருத்தித் துணியால் வரிக்கோட்டின் போக்கிலேயே ஒற்றி எடுக்கலாம். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் நனையக் கூடாது.

பெரிய மாமா: பேட்டரித் தண்ணீர் டிராக்டருக்கு வாங்கி வைத்தது. அதில் கை வைக்க வேண்டாம்.

சின்ன மாமா: டிராக்டர் ஓடுகிறதா அண்ணா? போன மாதம் என்னிடம் கடன் கேட்டபோது ஓடவில்லை என்றீர்களே.

அம்மா: டிராக்டரைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

அண்ணன் (பெங்களூர்): சித்தப்பா, நான் சேர்ந்திருக்கும் சேகரிப்பாளர் குழுவில் கேட்டேன். படம் இல்லாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அத்தை, நீலமும் வெள்ளையுமாக நடுக்காகிதம் ஒட்டிய தட்டு ஏதாவது இருக்கிறதா? ப்ளூ நோட் என்று ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர் போட்டிருக்கும்.

அத்தை: ஒன்று இருக்கிறது. ஆர்ட் பிளேக்கி என்று தெரிகிறது. எண் 4003.

சித்தப்பா: அது ஜாஸ் டிரம் கலைஞர் பிளேக்கியின் ‘மோனின்’ங்க அக்கா! 1958 அக்டோபரில் ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் தம் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு செய்தது. சுவிட்சர்லாந்திலிருந்து ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன தட்டு. நடுக்காகிதத்தில் ஒரு முகவரி இருக்கும். அதை அப்படியே எழுதுங்க. பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பாட்டு முடிகிற இடத்துக்கும் காகிதத்துக்கும் நடுவில் உள்ள வெற்று வளையத்தில் என்னென்ன கீறல் தெரிகிறது என்று சொல்லுங்க.

அத்தை: 47, மேற்கு 63ஆம் தெரு, நியூயார்க். இரண்டு பக்கமும் அதேதான். வளையத்தில் ஆர்.வி.ஜி. என்று மூன்று ஆங்கில எழுத்துகள். அதற்கு அந்தப் பக்கம், காது மடல் போல வளைந்து ஒரு சின்னக் கீறல்.

அண்ணன் (பெங்களூர்): காது இருக்கிறதா!!

சின்ன மாமா: கடைசிப் பத்து வருடம் காது கேட்காத மனிதர், காது போட்ட தட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்திருக்கிறார்.

சித்தி: தம்பி, இதெல்லாம் ஒரு பேச்சா?

சித்தப்பா: அந்தக் காது உண்மையில் ஆங்கிலப் ‘பி’ எழுத்து. ப்ளூ நோட்டுக்குத் தட்டு அழுத்திக் கொடுத்த பிளாஸ்டிலைட் ஆலையின் குறி. 1960களின் நடுவில் ப்ளூ நோட்டை லிபர்ட்டி நிறுவனம் வாங்கிய பிறகு அழுத்திய தட்டுகளில் அந்தக் காதைப் பார்க்க முடியாது. ஆர்.வி.ஜி. என்பது வான் கெல்டரே அச்சு வெட்டினார் என்பதற்கு அடையாளம். காதும் முகவரியும் இருப்பதனாலேயே இது முதல் முறை வெளியிட்டபோதே அழுத்திய தட்டு என்று அடித்துச் சொல்ல முடியாது. அட்டையையும் பார்க்க வேண்டும். ஆனால் பழைய பொருள் வாங்குபவர் இதைப் பார்க்காமலா தொகை பேசியிருப்பார் என்பதை மச்சான் யோசிக்க வேண்டும்.

பெரிய மாமா: என்னை ஏமாந்தவன் என்கிறீர்களா, மாப்பிள்ளை?

சித்தப்பா: ஐயோ, அப்படி இல்லைங்க மச்சான்.

அண்ணன் (பெங்களூர்): வெளிநாட்டில் இந்த ஒரு தட்டுக்கே நல்ல விலை கிடைக்கும். தனித்தனியாக விற்றால் நான்கு வீட்டுக்கும் பங்கிடலாம்.

சித்தப்பா: நீயும் சேகரிப்பாளன்தானா, இல்லை தரகனா? ஒரு தட்டை உருவி விற்றால் நோட்டில் ஒரு வரி அநாதையாகிவிடும்.

அண்ணன் (பெங்களூர்): சித்தப்பா, கேட்காத தட்டு யாருக்கும் பயன்படாது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். பீரோவில் வைத்துக் கும்பிடுவதற்கு, கேட்கிறவனிடம் போய்ச் சேரட்டுமே.

அம்மா: மைல்ஸ் டேவிஸ் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு அதோடு சேர்ந்து வாசிப்பார்.

சித்தி: அதை மறக்க முடியுமா அக்கா? முதல் பக்கத்தில் சேரவே சேராது. அம்மா அடுப்படியிலிருந்து, “ஆட்டுக்குட்டியைக் கட்டிப் போடுங்கள்” என்பாள். இரண்டாம் பக்கத்தில் மட்டும் எப்படியோ சேர்ந்துவிடும். அப்பாவோ, “நான் சரியாகத்தான் வாசிக்கிறேன், தட்டுதான் தப்பு” என்று சாதிப்பார்.

அண்ணன் (பெங்களூர்): சித்தப்பா!!

சித்தப்பா: ஆமாம், நானும் அதைத்தான் எழுத வந்தேன். மாமா சொன்னது உண்மை. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் அந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டு 1959இல் மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாள்களில் பதிவானது. முதல் நாள் பதிவில் ஒலிநாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓடும் கருவியில் போட்டுத் தட்டு வெட்டியதால், பாட்டு கொஞ்சம் வேகமாகி, சுருதியும் ஏறிவிட்டது. முதல் பக்கம் முழுக்க அந்த நாள் பதிவுதான். இரண்டாம் பக்கம் ஏப்ரலில் பதிவானது. அதில் குறை இல்லை. 1992இல்தான் வேறொரு நாடாவை வைத்துத் திருத்தி வெளியிட்டார்கள். அத்தனை ஆண்டுகளாக உலகம் முழுவதும் அதைத் தப்பான சுருதியில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மாமாவின் ஹார்மோனியம் மட்டும் சரியான சுருதியில் நின்றிருக்கிறது.

சித்தி: அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள் அண்ணி.

அத்தை: சொன்னேன். “அப்போதும் ஆட்டுக்குட்டி மாதிரிதான் இருந்தது” என்கிறார்.

சின்ன மாமா: சரி, இங்கிலீஷ் பிளேட்டுகளை மச்சான் பார்த்துக்கொள்ளட்டும். இந்திப் படப் பாட்டு 78களையாவது அந்த ஆளுக்குக் கொடுத்து முன்பணத்தைக் கழிக்கலாம் அல்லவா?

சித்தப்பா: அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது, மாப்பிள்ளை. ‘அல்பேலா’ 1951இல் வந்த படம். இசை சி. ராம்சந்திரா. அதில் டிரம்பெட் வாசித்தவர் கோவாக்காரரான சிக் சாக்லேட். பம்பாயில் அவரை இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்பார்கள். மாமா படப் பாட்டென்று அதை வாங்கவில்லை, சிக் சாக்லேட்டுக்காக வாங்கினார். அவர் தம் குழுவின் பேரில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குத் தனியாகக் கொடுத்த 78களும் அந்தப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். டெடி வெதர்ஃபோர்டு என்று ஏதாவது தென்பட்டால் அதையும் ஒதுக்கி வையுங்க. அவர் அமெரிக்கப் பியானோக் கலைஞர். பம்பாய் தாஜ் விடுதியிலும் பிறகு கல்கத்தாவிலும் வாசித்து, 1945இல் காலராவில் கல்கத்தாவிலேயே இறந்தவர். இவையெல்லாம் கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்தியவை. அமெரிக்காவில் நினைத்த கடையில் கிடைக்கிற சரக்கு இல்லை.

சின்ன மாமா: அப்படியானால் எதைத்தான் விற்பது?

சித்தப்பா: சீர்காழி, மதுரை மணி இரண்டும் கீறல் விழுந்து கிடக்கின்றன.

அம்மா: அவற்றை விற்றால் நான் இந்தக் குழுவையே கலைத்துவிடுவேன்.

அத்தை: ஆரஞ்சும் கறுப்புமாக முதுகுள்ள ஓர் அட்டை இருக்கிறது. சச்சிதானந்தா என்று எழுதியிருக்கிறது. இது சாமி பாட்டா?

பெரிய மாமா: அதை மட்டும் எடுக்க வேண்டாம்! நம் வீட்டு எழுதிங்கள் சீர் விழாவின்போது, பக்திப் பாட்டென்று நம்பி அதை ரேடியோ செட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஒறம்பரை (உறவினர்கள்) முன்னால் நான் பட்ட அவமானம் போதும்.

சின்ன மாமா: சாக்ஸபோன் தொடங்கியதும் பந்தியில் இருந்த பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

சித்தப்பா: ஆலிஸ் கோல்ட்ரேன் இசைத்தட்டுங்க அக்கா. இம்பல்ஸ் நிறுவனம் 1971இல் வெளியிட்டது. சாக்ஸபோன் கலைஞரான கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் காலமான பிறகு, ஆறுதல் தேடி அந்த அம்மா சுவாமி சச்சிதானந்தரிடம் சீடராகச் சேர்ந்தார். அந்தச் சுவாமியின் பெயரைத்தான் தட்டுக்கு வைத்தார். ஆலிஸ் ஹார்ப் (மேற்கத்திய யாழ்) வாசிக்க, பின்னால் தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் வரும். மச்சானைப் பதற வைத்தது அவர்தான். அந்தச் சுவாமி யார் என்று நினைக்கிறீர்கள்? 1914இல் நம் செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1969இல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவரும் அவர்தான்.

அம்மா: செட்டிபாளையமா? நம் அம்மா பிறந்த ஊரா?

சித்தப்பா: அதே ஊர்தான். மாமா இதை என்னிடம் ஒரு முறைதான் சொன்னார், அதுவும் வேறு பேச்சுக்கு நடுவில்.

அத்தை: அம்மாவிடம் காட்டினேன். அட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “எங்கள் ஊர்ச் சாமிக்கு வெள்ளைக்காரி பாட்டுப் பாடினாளா” என்று கேட்கிறார். வெள்ளைக்காரி இல்லை என்று சொன்னேன். இதைக் கொடுக்கக் கூடாது என்கிறார்.

சித்தி: அவ்வளவுதான் அண்ணா. அம்மா சொல்லியாயிற்று.

பெரிய மாமா: அந்த ஒன்றைத்தானே சொன்னாள்?

சித்தப்பா: நோட்டு கிடைத்ததாங்க அக்கா?

அத்தை: இரண்டாம் பெட்டியின் அடியில் இருக்கிறது. ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கிறது, எழுத்து தெரிகிறது. “டியூக் எலிங்டன், பியானோ. ஜானி ஹாட்ஜஸ், ஆல்டோ சாக்ஸபோன். மழை, சரியாகக் கேட்கவில்லை” என்று எழுதியிருக்கிறார். சில தட்டுகளுக்கு நேராகச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்.

சித்தப்பா: சுழித்திருப்பவை வாங்கியவை. மச்சான், நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தட்டுகளைப் படுக்கையாக அடுக்க வேண்டாம். செங்குத்தாக நிறுத்தி வையுங்க. தகரப் பெட்டி வெயிலில் இருந்தால் எல்.பி. அப்பளமாகிவிடும். முன்பணத்தை நானே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

பெரிய மாமா: முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் என் வாக்கு என்னாவது?

சின்ன மாமா: மச்சான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் எதில் போட்டுக் கேட்பார்?

சித்தி: அப்பாவின் டர்ன்டேபிள் உன் பனியன் கடையில் பூச்சாடி வைக்கத்தானே பயன்படுகிறது, தம்பி? அதைக் கொண்டுவந்து கொடு.

சின்ன மாமா: அது அப்பா எனக்குக் கொடுத்தது.

அண்ணன் (பெங்களூர்): அதில் 78 வேகம் இருக்கிறதா மாமா? இருந்தாலும் 78க்கு அகலமான ஊசி தனியாக வேண்டும். எல்.பி. ஊசியை அதில் வைக்காதீர்கள். சனிக்கிழமை நான் ஊசியோடு வருகிறேன்.

அம்மா: சனிக்கிழமை வரை பெட்டிகள் எங்கே இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பெரிய மாமா: மாப்பிள்ளை கோவைக்குக் கொண்டுபோவதானால் கொண்டுபோகட்டும். விற்பதா வேண்டாமா என்பதைப் பிறகு உட்கார்ந்து பேசலாம். இந்திப் பாட்டுகளைப் பற்றி நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

சித்தப்பா: மிக்க நன்றிங்க மச்சான். வியாழக்கிழமை பொழுதோடு காரோடு வந்துவிடுகிறேன்.

அத்தை: ஓடு பிரிப்பவர் இப்போதுதான் பேசினார். வெள்ளிக்கிழமை வேறு வேலை வந்துவிட்டதாம். நாளைக் காலையிலேயே ஆட்களோடு வருகிறாராம். மேற்கே மழை கட்டியிருக்கிறது. தார்ப்பாய் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் கொப்பரைமேல் போட்டிருக்கிறோம். இன்று ராத்திரி யார் வருகிறீர்கள்?