கார்டு போட்டா பணம் வரல, யாராச்சும் உடனே சொல்லுங்க

பந்தலூர்_பொண்ணு (சனி, மாலை 5:12)
ஏ.டி.எம்.ல கார்டு போட்டா பணம் வரமாட்டேங்குது. மூணு மெஷின் பார்த்தாச்சு. பின் நம்பர் சரிதான், நாலு வருஷமா அதே நம்பர். கிளம்புறதுக்கு முன்னாடி பேங்க்ல போய்க் கேட்டேன், "உலகம் பூரா ஓடும், தைரியமா போயிட்டு வாங்க"ன்னாங்க. அம்மாவும் கூட இருக்காங்க. லாட்ஜ்காரர் ராத்திரிக்குள்ள காசா வேணும்ங்கிறார். கையில 3,800 தான் இருக்கு. லாட்ஜ் வைஃபைல எழுதுறேன், இது எப்ப போகும்னு தெரியல. சீக்கிரம் சொல்லுங்க.

மஞ்சூர்_மூடுபனி (5:15)
எந்த நாட்டுல இருக்கீங்க? 3,800 என்ன காசு? ரிங்கிட்டுன்னா நீங்கதான் எங்களுக்குக் கடன் தரணும்.

கேத்தி_கேரட் (5:16)
விசாவா, மாஸ்டரா, ரூபேயா? மெஷின்ல என்ன எழுத்து வருது? அதை அப்படியே எழுதுங்க அக்கா. "வரல"ங்கிறதுல பத்து விதம் இருக்கு.

சிராங்கூன்_ரிட்டர்ன் (5:21)
இது பின் நம்பர் சமாச்சாரம். நான் சிங்கப்பூர்ல ஒன்பது வருஷம் இருந்தவன். அங்க உள்ளூர் கார்டுக்கு ஆறு இலக்கம், நம்முது நாலு. நாலு அடிச்சிட்டுச் சும்மா நின்னா மெஷின் இன்னும் ரெண்டு வரும்னு பார்த்துட்டே இருக்கும். பச்சைப் பொத்தானை அமுக்கணும். அதுக்கும் வரலைன்னா முன்னாடி ரெண்டு சைபர் சேர்த்து அடிச்சுப் பாருங்க.

கேத்தி_கேரட் (5:23)
அண்ணே, சைபர் சேர்க்கச் சொல்லாதீங்க. மூணு தடவை தப்பா விழுந்தா கார்டு பூட்டிக்கும், அப்புறம் சுத்தமா போச்சு. அவங்க இன்னும் சிங்கப்பூர்னு சொல்லவே இல்லையே.

வெல்லிங்டன்_வால்வு (5:29)
ஒருத்தருக்குமா தோணல? நம்ம நீலகிரிக் கார்டுங்க. ஜூன் மழையிலேர்ந்து பீரோவுல கிடந்திருக்கும். எங்க வீட்டுல பெல்ட்டு, கேமரா, கல்யாண ஆல்பம் எதையும் பூஞ்சை விட்டு வைக்கல. கார்டு மட்டும் தப்பிக்குமா? சிப்பு பளிச்சுன்னு இருக்கா, மங்கலா இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. மங்கலா இருந்தா பென்சில் ரப்பரால நாலு தேய்ப்பு, மெதுவா. இதுவரைக்கும் மூணு கார்டைப் பிழைக்க வச்சிருக்கேன்.

குன்னூர்_கேஷியர் (ஓய்வு) (5:40)
சைபராம், ரப்பராம். படிக்க வேடிக்கையாத்தான் இருக்கு. 34 வருஷம் கவுன்ட்டர்ல உக்காந்தவன் சொல்றேன், கேட்டுக்கோங்க. ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கை, 2020 ஜனவரி 15. அந்த வருஷம் மார்ச் 16லேர்ந்து புதுசா தர்ற கார்டு, மாத்தித் தர்ற கார்டு எல்லாமே உள்நாட்டு ஏ.டி.எம்.முக்கும் உள்நாட்டுக் கடை மெஷினுக்கும் மட்டும்தான் திறந்து வரும். வெளிநாடு, ஆன்லைன், தட்டிக் கட்டுறது இந்த மூணையும் கார்டு வச்சிருக்கிறவங்களே திறந்துக்கணும். விமானம் ஏறுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் விசாரிச்சுக்கிறது வழக்கம்.

மஞ்சூர்_மூடுபனி (5:42)
விசாரிச்சதாத்தான் சார் அந்தப் பொண்ணு எழுதியிருக்கு. "ஓடும்"னு சொன்னது உங்க ஜாதிக்காரர்தான், கவுன்ட்டர் ஜாதி.

பந்தலூர்_பொண்ணு (6:05)
ஸாரி, கரண்ட் போயிருச்சு. இருக்கிறது இலங்கையில, ஹட்டன். ரூபாய்தான், இங்கத்த ரூபாய். ரூபே கார்டு. ஸ்கிரீன்ல சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூணும் இருக்கு. தமிழை அமுக்கினா "இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அனுமதியில்லை"ன்னு வருது. அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டி எழுத்துக்கூட்டி வாசிச்சு, "பாத்தியா, பரிவர்த்தனை கிரிவர்த்தனைன்னு போடாம நம்ம பேச்சுல போட்டிருக்கான்"னு சந்தோஷப்படுறாங்க. எனக்கு அழுகையா வருது.

மஞ்சூர்_மூடுபனி (6:07)
ஹட்டனா! அப்ப 3,800ன்னா நம்ம காசுல ஆயிரத்துச் சொச்சம்தான். அடப்பாவமே.

கேத்தி_கேரட் (6:09)
கார்டைத் திருப்பிப் பாருங்க அக்கா. பின்பக்கம் டிஸ்கவர், டைனர்ஸ்னு வெளிநாட்டுக் கார்டு கம்பெனி அடையாளம் ஏதாவது இருக்கா? இருந்தா அதே அடையாளம் ஒட்டின மெஷின்ல வரும். இல்லைன்னா அது உள்நாட்டு ரூபே. எந்தப் பொத்தானைத் திறந்தாலும் அங்க ஓடாது. வேற கார்டு இருக்கா?

சேரம்பாடி_டிவிஷன் (6:11)
அக்கா, அம்மாவுக்கு எந்தத் தோட்டம்? எங்கப்பாவுக்கும் அந்தப் பக்கம்தான். தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அங்கேர்ந்து நேரா சேரம்பாடி டான்டீ, நம்ம அரசுத் தேயிலைத் தோட்டம். 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு 5,25,000 பேர்னு கணக்கு எழுதுனாங்களே, அதுல ஒரு தலை அவரு. அந்தக் குடும்ப அட்டையை இன்னும் டிரங்குப் பெட்டியில வச்சிருக்கோம்.
அப்புறம் ஒண்ணு, அம்மாவோட சுருக்குப்பையைத் தொட்டுப் பாருங்க. எங்கம்மா அஞ்சாயிரம் முடிஞ்சு வைக்காம வாசப்படி தாண்டாது. நம்ம ரூபாயை அங்க மாத்திக்கலாம், லைசென்ஸ் மாட்டியிருக்கிற கடையாப் பாருங்க.

குன்னூர்_கேஷியர் (ஓய்வு) (6:14)
அது சரிதான். இந்திய நோட்டு 25,000 வரைக்கும் கையில கொண்டு போகலாம்.

பந்தலூர்_பொண்ணு (6:20)
பின்னாடி எதுவும் இல்ல. அது அம்மாவோட பென்ஷன் கார்டு. என்கிட்ட விசா ஒண்ணு இருக்கு, அது வேற பேங்க். அதுலயும் பார்த்தேன், அதே வார்த்தைதான். ஆப் திறந்தா சிம் இல்லைங்குது. பேங்க் சிம் பந்தலூர்ல தங்கச்சி போன்ல இருக்கு. இங்க சிம் மாத்தும்போது தொலைச்சிருவேன்னு நான்தான் குடுத்துட்டு வந்தேன்.

குன்னூர்_கேஷியர் (ஓய்வு) (6:24)
விசா இருக்குன்னு முதல் வரியிலயே எழுதியிருந்தா ஒரு மணி நேரம் மிச்சம். ஆப்பை விடுங்க. பிரவுசர்ல பேங்க்கோட நெட் பேங்கிங் திறங்க. கார்டுன்னு இருக்கிற இடத்துல வெளிநாட்டுப் பயன்பாடு இருக்கும். ஏ.டி.எம்.மைத் திறந்து, பக்கத்துலயே வரம்பையும் ஏத்துங்க. திறந்துட்டு வரம்பைச் சைபர்லயே விட்டுட்டு வந்து நிக்கிறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். ஓ.டி.பி. பந்தலூருக்குத்தான் போகும். ஆனா ஓ.டி.பி.யைப் போன்ல யாருக்கும் சொல்லக் கூடாது.

மஞ்சூர்_மூடுபனி (6:26)
அப்ப எப்படி சார்? தங்கச்சி அதை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறணுமா?

குன்னூர்_கேஷியர் (ஓய்வு) (6:27)
விதியைச் சொன்னேன்.

கேத்தி_கேரட் (6:29)
அக்கா, அது உங்க நம்பர், உங்க தங்கச்சி. நீங்களா கூப்பிட்டுக் கேட்டா பரவாயில்ல. "பேங்க்லேர்ந்து பேசுறோம்"னு உங்களுக்கு வர்ற கால்ல மட்டும் சொல்லிராதீங்க. தங்கச்சியை சிக்னல் இருக்கிற இடமா பார்த்து நிக்கச் சொல்லிட்டு அப்புறமா பொத்தானை அமுக்குங்க.
பணம் எடுக்கும்போது "இந்திய ரூபாய்லயே கழிக்கவா"ன்னு மெஷின் கேட்டா வேணாம்னு அமுக்குங்க, அவன் போடுற ரேட்டு வயித்துல அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா நாலு தடவை எடுக்காதீங்க. தடவைக்கு ஒரு கட்டணம், அதுபோக காசு மாத்துறதுக்கு மூணு மூணரை சதவீதம் மார்க்கப், அந்தக் கட்டணத்து மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஒரே தடவையா எடுத்துருங்க.

லவ்டேல்_லோக்கல் (6:33)
இலங்கையில யு.பி.ஐ.யே ஓடுதே! 2024 பிப்ரவரியில ஆரம்பிச்சாங்க. லங்கா க்யூ.ஆர். ஒட்டின கடையில நான் கொழும்புல கட்டியிருக்கேன். ஆப்ல வெளிநாட்டுக்குத் திறந்து வச்சா போதும்.

மஞ்சூர்_மூடுபனி (6:34)
சிம் இல்லாம?

லவ்டேல்_லோக்கல் (6:36)
சிம் வேணும்தான். அடுத்துப் போறவங்களுக்கு உதவும்னு எழுதினேன்.

சிராங்கூன்_ரிட்டர்ன் (6:41)
கணக்குல கழிஞ்சு பணம் வரலைன்னா கவலைப்படாதீங்க சிஸ்டர், நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு உண்டு.

குன்னூர்_கேஷியர் (ஓய்வு) (6:43)
2019 செப்டம்பர் சுற்றறிக்கை. அஞ்சு நாள் தாண்டினாத்தான் 100. அதுவும் உள்நாட்டு ஏ.டி.எம்.முக்கு மட்டும். அரைகுறையா எழுதாதீங்க.

லவ்டேல்_லோக்கல் (6:50)
பணம் கிடைச்சதும் ஹட்டன்லேர்ந்து அரைக் கிலோ பி.ஓ.பி. தேயிலைத் தூள் வாங்கிட்டு வாங்க. நசுக்கிச் செய்யுற நம்ம சி.டி.சி. தூளைக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு.

கோத்தகிரி_பச்சையிலை (6:54)
செத்துப்போச்சா? இலையை உருட்டிச் செய்யுற ஆர்தடாக்ஸ் தூள் ஓட்டினா நீங்க வாங்குவீங்களா? கடையில போய் எந்தப் பாக்கெட் மலிவோ அதைத் தூக்கிட்டு வந்துட்டு இங்க நாக்குக் கதை. பச்சை இலைக்கு எங்களுக்கு என்ன விலை தர்றாங்கன்னு ஒரு நாள் ஃபேக்டரி வாசல்ல வந்து நில்லுங்க.

லவ்டேல்_லோக்கல் (6:58)
விலை வேற, ருசி வேற. அங்க இலையை நசுக்காம உருட்டுறான்.

கோத்தகிரி_பச்சையிலை (7:02)
ஊட்டி 2,240 மீட்டர், நுவரெலியா 1,868. உயரத்துல நம்ம இலைக்கு என்ன குறை? உருட்டச் சொல்லி ஃபேக்டரிக்காரன்கிட்ட கேளுங்க, விவசாயிகிட்ட கேக்காதீங்க.

வெல்லிங்டன்_வால்வு (7:05)
உயரத்தைக் கரைச்சா குடிக்க முடியும்? அந்தப் பொண்ணு விசாவையும் ரப்பர் போட்டுப் பார்க்கட்டும், நான் சொல்றது அவ்வளவுதான்.

பந்தலூர்_பொண்ணு (8:51)
வந்துருச்சு. விசாலதான். ஓ.டி.பி. ரெண்டு தடவை நேரம் தாண்டிப் போச்சு, தங்கச்சி கூரை மேல ஏறி நின்னு மூணாவது தடவை படிச்சா. வரம்பு சைபர்லதான் இருந்துச்சு, ஏத்தினேன். லாட்ஜ்காரருக்குக் குடுத்தாச்சு. சுருக்குப்பையில ஆறாயிரம் இருக்கு! மூணு மெஷினுக்கும் கூடவே வந்துட்டு வாயே திறக்கல. கேட்டா, "அது தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்கிறவங்களுக்குக் குடுக்க வச்சது, உனக்கில்ல"ங்கிறாங்க. காலையில அங்கதான் போறோம். வைஃபை போகுது.

சேரம்பாடி_டிவிஷன் (8:55)
எந்தத் தோட்டம்னு சொல்லவே இல்லையே அக்கா?

சேரம்பாடி_டிவிஷன் (செவ்வாய், காலை 7:30)
அக்கா?

வெல்லிங்டன்_வால்வு (7:48)
ரப்பர் போட்டாங்களா இல்லையா, அதையும் கேளுங்க.